துருவத்து வானமும் நம் வானமும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் சங்க காலத்தையோ சோழர் காலத்தையோ நாடுவது வழக்கம். அவ்வழக்கம் நன்றே. ஆயினும் இவ்வாண்டு நாம் வேறொரு வரலாற்றைச் சொல்ல விழைகின்றோம். அது மன்னர் வரலாறன்று. நம் தலைக்கு மேலே இருபது, முப்பது கிலோமீட்டர் உயரத்தில் பரவி நிற்கும் ஓஸோன் என்னும் வாயுவின் வரலாறு. அதிலே தமிழ் பேசிய குடும்பங்களிற் பிறந்தோரும், தமிழகத்து மலையொன்றும், நம் சித்தூர்ச் சீமையின் சிற்றூர் ஒன்றும் இடம் பெறுகின்றன என்பதனாலேயே இதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

தென் துருவத்து வானில் ஓஸோன் படலம் மெலிந்து ‘ஓட்டை’ விழுந்த செய்தியை நம் குழந்தைகள் பள்ளிப் பாடத்திற் படிக்கின்றனர். வீட்டில் அப்பேச்சு எழுந்தால் பெரியோரிடமிருந்து இரண்டு விடைகள் வருகின்றன. “எங்கோ பனிக்கட்டிப் பாலைவனத்தில் நடப்பது, குப்பத்தில் இருக்கும் நமக்கு என்ன?” என்பது ஒன்று. “அந்த ஓட்டை வழியாக வெயில் இறங்குவதனால்தான் குப்பத்திலும் முன்போலக் குளிர்ச்சி இல்லை” என்பது மற்றொன்று. இரண்டும் பிழையே. ஏன் பிழை என்பதை வரலாற்றின் வழியே காண்போம்.

ஓஸோன் என்பது யாது?

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகக் கூடியுள்ளன. அவையே மும்மூன்றாகக் கூடினால் அது ஓஸோன். சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஷோன்பைன் என்ற ரசாயன அறிஞர் 1839-ஆம் ஆண்டில் இதனை இனங்கண்டு, இதன் காரமான மணத்தைக் கருதி, ‘மணத்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் சூட்டினார். சூரியனின் புற ஊதாக் கிரணங்களைத் தடுத்து நிறுத்தும் ஓஸோன் வானின் மேலடுக்கில் இருக்கின்றது என்பதை 1913-இல் பாப்ரி, புவிஸோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அளந்து நிறுவினர்.

இவ்வாயு மிக மிகச் சிறிதளவினது. வானம் முழுவதிலும் உள்ள ஓஸோனைத் திரட்டிப் பூமியின் மட்டத்துக்குக் கொணர்ந்து விரித்தால், அதன் கனம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டரே. இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவு. இந்த மெல்லிய போர்வை இல்லையேல், நிலத்தில் இன்றுள்ள பயிரும் உயிரும் தழைத்திருக்க இயலாது.

கொடைக்கானல் மலையில்

ஓஸோனை நாள்தோறும் அளக்கத்தக்க கருவியை முதலில் ஆக்கியவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டாப்ஸன் ஆவார். சூரிய ஒளியைப் பிரித்து, அதிற் புற ஊதாக் கிரணம் எவ்வளவு குறைந்து வருகின்றது என்று பார்த்து, மேலே ஓஸோன் எத்துணை உளது என்று கணக்கிடுவது அவர் முறை. இன்றும் ஓஸோனின் அலகு அவர் பெயராலேயே வழங்குகின்றது. மூன்று மில்லிமீட்டர் என்பது முந்நூறு டாப்ஸன் அலகு.

ஐரோப்பாவில் அளந்து முடித்த டாப்ஸன், 1928, 1929 ஆண்டுகளில் தம் கருவிகளை உலகெங்கும் பரப்பினார். கலிபோர்னியா, எகிப்து, நியூஜிலாந்து ஆகிய நாடுகளோடு அவர் தேர்ந்த இடம் நம் கொடைக்கானல். சூரியனை ஆராய்வதற்கென்று அமைந்த அம்மலையின் வானாய்வு நிலையத்திலேயே வெப்ப மண்டலத்தின் ஓஸோன் முதன் முதலாக முறைப்படி அளக்கப்பட்டது. விடை வியப்பாக இருந்தது. வெயில் மிகுந்த நம் வானில்தான் ஓஸோன் மிகக் குறைவு. அன்றியும் ஆண்டு முழுவதும் அவ்வளவு பெரிதாக மாறுவதில்லை. வெயில் குறைந்த வடநாடுகளிலோ அது மிகுதி. இளவேனிலில் இன்னும் மிகுதி.

இது ஒரு புதிராயிற்று. பிராணவாயுவைச் சூரிய கிரணம் பிளப்பதனாலேயே ஓஸோன் உண்டாகின்றது என்று 1930-இல் சிட்னி சாப்மன் விளக்கினார். அவ்வாறாயின், வெயில் மிகுந்த இடத்திலன்றோ அது மிகுந்திருத்தல் வேண்டும்? காற்றோட்டமே இதற்கு விடை என்று டாப்ஸனும், 1949-இல் புரூவர் என்பவரும் கருதினர். வெப்ப மண்டலத்துக் காற்று மெல்ல மேலெழுந்து, மேலடுக்கில் ஓஸோனை ஏந்திக்கொண்டு, துருவங்களை நோக்கிச் சென்று, அங்கே கீழிறங்குகின்றது. நெல் விளைவது வயலில், குவிவது குதிரில். அவ்வாறே ஓஸோன் பெரிதும் விளைவது நம் போன்ற நாடுகளின் வானில். குவிவது துருவங்களின் வானில். ஆகவே “துருவம் எங்கோ, நாம் எங்கோ” என்னும் முதற் கூற்று இங்கேயே தகர்கின்றது.

கல்பாத்தி தந்த அறிஞர்

இத்துறையில் உலகறிந்த இந்தியர் டாக்டர் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன். 1893-இல், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பாலக்காட்டின் கல்பாத்தியில் பிறந்தவர். மலையாள நாட்டின் நடுவே பல தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழ்ந்த குடியிருப்பு அது. பிற மொழி நாட்டில் வாழும் நமக்கு அவ்வூர் புரியும். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, கல்கத்தாவில் ஸி. வி. ராமனுடன் ஆராய்ச்சி செய்து, 1925-இல் இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்தார்.

பலூன்களில் வெப்பமானி கட்டி வானில் விடுத்துப் பெற்ற கணக்குகளைத் தொகுத்து, அவர் 1929-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். பூமியின் மேல் உள்ள கீழ்வாயு மண்டலத்தின் கூரை துருவத்தில் தாழ்ந்தும், நிலநடுக்கோட்டருகே உயர்ந்தும் இருக்கின்றது. அக்கூரை மிகக் குளிர்ந்திருப்பதும் நம் வெப்ப மண்டலத்தின் மேலேதான் என்பதே அது. பதினாறு, பதினேழு கிலோமீட்டர் உயரத்தில், வெயில் சுடும் நம் ஊர்களுக்கு நேர் மேலே, நீர் உறையும் நிலைக்குக் கீழ் எண்பது பாகை அளவில் குளிர் நிலவுகின்றது. இக்குளிர்ந்த கூரையே கீழ்க்காற்று மேல்மண்டலத்துக்குப் புகும் தலைவாயில்.

வானிலைத் துறையிலிருந்து 1948-இல் ஓய்வு பெற்றபின், அகமதாபாத்தின் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவர் முதல் இயக்குநரானார். ஓய்வுக்குப் பின் வந்த ஆண்டுகளே அவருடைய ஓஸோன் ஆராய்ச்சியின் பொற்காலமாயின. சர்வதேச ஓஸோன் குழுவின் தலைவர் பதவி அவரை நாடி வந்தது. 1957, 1958 ஆண்டுகளில் உலக நாடுகள் கூடிக் கொண்டாடிய சர்வதேசப் பூபௌதிக ஆண்டினையொட்டிக் கொடைக்கானலில் ஓஸோன் கணக்கெடுப்பு மீண்டும் ஊக்கம் பெற்றது. அதே காலத்தில்தான் ஆங்கிலேயர் தென் துருவக் கண்டத்தில் ஹாலி என்னுமிடத்தில் ஒரு டாப்ஸன் கருவியை நிறுவினர். இரு நிலையங்களும் ஏட்டில் எண்களை எழுதத் தொடங்கின. யாது பயன் விளையும் என்று எழுதியவர்க்கே அன்று தெரியாது.

இவ்விடத்தில் அன்னா மணி அம்மையாரையும் நினைவு கூர்தல் வேண்டும். 1918-இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்று, பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி புரிந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவ்வாராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை. அவர் மனம் தளர்ந்தாரில்லை. 1948-இல் வானிலைத் துறையிற் சேர்ந்து, கருவிகளைப் பிற நாடுகளிலிருந்து வாங்கும் நிலையை மாற்றி, உள்நாட்டிலேயே செய்யும் பணியை முன்னின்று நடத்தினார். பலூனிற் கட்டி மேலே அனுப்பி, உயரத்துக்கு உயரம் ஓஸோனை அளக்கும் இந்தியக் கருவி 1960-களில் அவர் தலைமையில் உருவாயிற்று. பிற்காலத்தில் அக்கருவி திருவனந்தபுரத்திலும் பூனாவிலும் தில்லியிலும் மட்டுமன்றி, தென் துருவக் கண்டத்தில் 1989-இல் எழுந்த நம் மைத்ரி நிலையத்திலிருந்தும் வானில் ஏறிற்று.

குளிர்சாதனப் பெட்டியின் வாயு

இனி, கேடு வந்த வழியைக் காண்போம். குளிர்சாதனப் பெட்டிகளுக்கு முன்னாளில் அம்மோனியா முதலிய நச்சு வாயுக்களையே பயன்படுத்தினர். 1928-இல் அமெரிக்காவின் மிட்ஜ்லி என்பவர் குளோரோ புளோரோ கார்பன் என்னும் புதிய வாயுவை ஆக்கினார். நஞ்சில்லை, தீப்பற்றாது, எதனோடும் கலந்து கெடாது. எல்லோரும் வரவேற்றனர். குளிர்சாதனப் பெட்டி, தெளிப்புக் குப்பி, மெத்தை நுரை என எங்கும் அது புகுந்தது.

எதனோடும் கலந்து கெடாமை என்னும் அக்குணமே குற்றமாயிற்று. கீழே எதனாலும் அழியாத அவ்வாயு, ஐம்பதாண்டு நூறாண்டுக் காலம் காற்றில் உலவுகின்றது. வெப்ப மண்டலத்தின் தலைவாயில் வழியே மேலே புகுந்து, கடுமையான கிரணங்களாற் சிதைந்து, குளோரின் அணுவை விடுகின்றது. ஒரு குளோரின் அணு ஓர் இலட்சம் ஓஸோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. இந்த அபாயத்தை 1974-இல் கலிபோர்னியாவில் மோலினா, ரோலண்டு என்னும் இருவர் வெளியிட்டனர்.

மறு ஆண்டே இன்னொரு தமிழர் இவ்வரலாற்றில் நுழைகின்றார். அவர் பெயரும் இராமநாதன், வீரபத்ர இராமநாதன். 1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பட்டம் பெற்று, செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிலகம் ஒன்றிற் சில காலம் பணி செய்தவர். பெட்டிகளிலிருந்து இந்த வாயு கசிவது ஏன் என்று பார்ப்பது அவர் வேலை. அப்பணியில் அவருக்கு மனம் பற்றவில்லை. ஆயினும் அவ்வாயுவின் பெயர் மறக்கவில்லை. பின்னர் அமெரிக்கா சென்று வாயுமண்டல ஆராய்ச்சியில் ஈடுபட்ட அவர், மோலினா, ரோலண்டு கண்ட செய்தியைப் படித்ததும், இவ்வாயு பூமியின் வெப்பத்தையும் பிடித்து நிறுத்துமோ என்று கணக்கிட்டார். ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு ஒப்பிட்டால், கரியமில வாயுவைப் போலப் பதினாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தை அது பிடிக்கும் என்று 1975-இல் வெளியிட்டார். ஓஸோன் கேட்டையும் சீதோஷ்ண மாற்றத்தையும் ஒரே வாயுவில் இணைத்துக் காட்டிய முதற் கணக்கு அதுவே.

ஹாலியின் ஏடு

1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹாலி நிலையத்தின் கணக்கைப் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் மூவர் வெளியிட்டனர். அக்டோபர் மாதத்தில் முன்பு முந்நூறு அலகு அளவில் இருந்த ஓஸோன், இருநூறளவுக்கு வீழ்ந்திருந்தது. வானிற் சுற்றிய துணைக்கோளும் அவ்வீழ்ச்சியைப் பார்த்தே இருந்தது. ஆனால் அவ்வளவு தாழ்ந்த எண்களை ஐயத்துக்குரியவை என்று கணிப்பொறி ஒதுக்கி வைத்திருந்தது. பழைய கருவியின் பக்கத்தில் நின்று, கடுங்குளிரில், நாள் தவறாமல் எழுதிய மனிதரின் ஏடே உலகை விழிக்கச் செய்தது.

துருவத்தில் மட்டும் ஏன் இவ்வளவு அழிவு? குளிர்காலத்தில் அங்குக் காற்று சுழல் வளையமாகச் சுற்றி, உள்ளிருப்பதை வெளியே விடாது அடைத்து வைக்கின்றது. உறைநிலைக்குக் கீழ் எழுபத்தெட்டுப் பாகையையும் தாண்டிக் குளிரும்போது மெல்லிய மேகங்கள் உண்டாகின்றன. அம்மேகத் துகள்களின் மேல் குளோரின் ஓஸோனை அழிக்கும் வடிவத்துக்கு மாறிக் காத்திருக்கின்றது. செப்டம்பரிற் சூரியன் திரும்பியதும் அழிவு தொடங்குகின்றது. வட துருவத்திற் குளிர் அவ்வளவு நிலையாக இராமையால் கேடு குறைவு. எனினும் கடுங்குளிர் நீடித்த 2011, 2020 ஆண்டுகளில் அங்கும் பெருங்குறைவு நேர்ந்தது. நம் வெப்ப மண்டலத்திலோ மொத்த ஓஸோன் பெரிதாக மாறவில்லை.

ஆகவே இரண்டாவது கூற்றும் தகர்கின்றது. குப்பத்தில் வெயில் ஏறுவது துருவத்து ஓட்டையினால் அன்று. கரியையும் எண்ணெயையும் எரித்து நாம் விடும் கரியமில வாயு முதலியவையே பூமி சூடேறுவதற்குத் தலையாய காரணம். ஆனால் ஓஸோனுக்கும் சீதோஷ்ணத்துக்கும் தொடர்பே இல்லை என்பதும் தவறு. அத்தொடர்பு மூவகைப்படும். ஓஸோனை அழித்த வாயுக்களே வெப்பத்தையும் பிடிப்பன என்பது முதலாவது. ஓஸோன் குறைந்ததனால் தென் துருவத்தின் மேல்வானம் குளிர்ந்து, கோடையில் அதைச் சுற்றி வீசும் மேல்காற்று வலுத்துத் துருவத்தின் பக்கம் நகர்ந்து, தென்பாதி உலகின் மழைப் போக்கை மாற்றியது என்பது இரண்டாவது. கரியமில வாயு கீழ்வானைச் சூடாக்கும்போதே மேல்வானைக் குளிரச் செய்கின்றது. அக்குளிர் ஓஸோனின் விதியையும் தொடுகின்றது என்பது மூன்றாவது.

உலகம் கூடிய நாள்

1987 செப்டம்பர் 16-ஆம் நாள் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் இவ்வாயுக்களைக் குறைக்க உடன்படிக்கை செய்தன. நம் நாடு உடனே கையொப்பமிடவில்லை. வாயுவை மிகுதியாக விட்டவை செல்வ நாடுகள். மாற்று வாயுவுக்கும் மாற்று இயந்திரத்துக்கும் ஆகும் செலவை ஏழை நாடுகள் மட்டும் எவ்வாறு சுமப்பது என்று கேட்டது. 1990-இல் லண்டன் மாநாட்டில் நம் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இவ்வாதத்தை வலியுறுத்தினார். அச்செலவுக்கு உதவும் பொது நிதி அம்மாநாட்டில் ஏற்பட்டது. 1992-இல் இந்தியா உடன்படிக்கையிற் சேர்ந்தது. நியாயம் கேட்டுப் பெற்றபின் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. 2010-ஆம் ஆண்டு பிறந்தபோது குளோரோ புளோரோ கார்பன்களின் பயன் பொதுவாக ஒழிந்திருந்தது. 2009-இல் உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற உடன்படிக்கை என்னும் பெருமை இதற்கே முதன் முதலாகக் கிட்டிற்று.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. மாற்றாக வந்த ஹைட்ரோ புளோரோ கார்பன்கள் ஓஸோனைத் தீண்டா. ஆயினும் வெப்பத்தைப் பிடிப்பதில் வல்லவை. முன்னர் இராமநாதன் கணக்கிட்டுக் காட்டிய அதே குற்றம்! ஆகவே 2016-இல் கிகாலி நகரில் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க முடிவாயிற்று. இந்தியா 2021-இல் அதனை ஏற்று, 2047-க்குள் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு குறைப்பதாக உறுதி கூறியுள்ளது. உலகனைத்தும் இதனை நிறைவேற்றினால், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அரை பாகை வரை பூமியின் வெப்பம் கூடாமல் தடுக்கலாம் என்று கணக்கிட்டுள்ளனர்.

பயன் தெரியத் தொடங்கிவிட்டது. இன்றைய முறை தொடருமாயின் உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும், வட துருவத்தில் 2045 அளவிலும், தென் துருவத்தில் 2066 அளவிலும் ஓஸோன் 1980-இன் நிலைக்கு மீளும் என்பது 2022-ஆம் ஆண்டின் உலக மதிப்பீடு. இன்று நம் காலனியில் தொட்டிலில் உறங்கும் குழந்தை நடுவயதைக் கடக்கும்போதுதான் அந்தக் காயம் ஆறும்.

காதங்கியும் நம் இல்லமும்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியிற் காதங்கி என்றோர் ஊர் உண்டு. மலையப்பனைத் தரிசிக்கச் செல்லும் நம்மிற் பலர் அதனைக் கவனியாது கடந்திருப்போம். அங்கே 1,024 உணர்கொம்புகளை வரிசை வரிசையாக நட்டு, ரேடார் நிலையம் ஒன்று 1990-களின் தொடக்கத்தில் எழுந்தது. 2005 முதல் அது தேசிய வாயுமண்டல ஆராய்ச்சிக் கூடம் எனப் பெயர் பெற்றுள்ளது. ரேடியோ அலைகளை மேலே செலுத்தி, திரும்பிவரும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு, மேல்வானிற் காற்று எவ்வாறு எழுகின்றது, எவ்வாறு ஓடுகின்றது என்று அளப்பது அதன் பணி. கல்பாத்தி இராமநாதன் 1929-இல் சுட்டிய அந்தக் குளிர்ந்த தலைவாயில், காதங்கிக்கு நேர் மேலேயும் உளது. துருவம் செல்லும் ஓஸோனும், அதனை அழிக்கச் செல்லும் வாயுவும் நம் போன்ற நாடுகளின் வானத்தைக் கடந்தே செல்கின்றன. அவ்வாயிலுக்கு ஒரு காவல் நிலையம் நம் சீமையில் இருப்பது நமக்குப் பெருமை.

பெருமையோடு நில்லாமல் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. குளிர்சாதனப் பெட்டியையோ ஏ.ஸி.யையோ பழுது பார்க்க வருபவர், உள்ளிருக்கும் வாயுவைக் குழாயைத் திறந்து வெளியே விட்டுவிட்டுப் புதிதாக நிரப்புவது பலவிடத்தும் காணும் காட்சி. “விடாதீர்கள்; பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்” என்று நாம் சொல்லலாம். பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும்போதும் அதனைக் கேட்கலாம். புதிது வாங்கும்போது உள்ளிருப்பது எவ்வாயு என்று கேட்டு வாங்கலாம். சிறு செயலே, ஆயினும் இரண்டு நாணயக் கனமுள்ள போர்வையைக் காப்பதும், கூடும் வெப்பத்தைச் சிறிதேனும் தடுப்பதும் இத்தகைய சிறு செயல்களாலேயே ஆகும்.

கொடைக்கானலிலும் ஹாலியிலும் நாள்தோறும் எண் எழுதிய மனிதர்களிற் பலர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் எழுதிய எண்கள் உலகைக் காத்தன. ஆந்திரமும் தமிழகமும் கன்னடமும் கூடும் இந்தக் குப்பத்தில் பல மொழி பேசுவோருடன் கலந்து வாழும் நாம், நம் பிள்ளைகளுக்கு அவ்வரலாற்றைத் தமிழிற் சொல்வோம். அடுத்த முறை திருப்பதிக்குப் போகும் வழியிற் காதங்கியைச் சுட்டிக் காட்டி, “அதோ, அங்கேதான் நம் வானத்தை அளக்கின்றார்கள்” என்று கூறுவோம்.